அரைப்புள்ளிக்கு ஐந்து லட்சம்

மூன்று வருடங்களுக்கு முன்பு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு முகாம் போட்டார்கள். அதற்கு முதல் நாள் ஒரு பெண் தோளில் பையும் கையில் நோட்டுமாக வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்தார். மேலே கஜலட்சுமி, அவளுக்கு இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள், எல்லாம் சுதை வேலை. நான் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள், "இந்த வீட்டில் யாருக்கும் அது தேவைப்படாதம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவரும் சிப்பாய்களை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, நம்பிக்கொண்டு போனார்.

அந்த நேரத்தில் உள்ளே இரண்டாம் கட்டில் எங்கள் பெரியாத்தா, அதாவது அப்பாவின் அண்ணன் மனைவி, ரத்த அழுத்த மாத்திரை ஒன்றைக் காய் நறுக்கும் கத்தியால் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்திருப்பார். மருத்துவர் எழுதிக் கொடுத்தது முழு மாத்திரை. பாதியாகப் போட்டால் ஒரு அட்டை இரண்டு அட்டை நாளுக்கு வரும் என்பது அவருடைய கணக்கு. இது எனக்கு அப்போது தெரியாது என்று சொல்ல ஆசைதான். தெரியும்.

செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு ஊர் எங்களுடையது. பூட்டனார் பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய வீடு. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு இந்த வீட்டுக்கு 22 புள்ளி. கல்யாணமான ஒவ்வொரு ஆண்மகன் குடும்பமும் ஒரு புள்ளி. கணவனை இழந்த பெண் அரைப்புள்ளி. கோவிலுக்குக் கட்டுகிற புள்ளி வரியும் அந்தக் கணக்கில்தான். பிள்ளை இல்லாத பெரியாத்தா அரைப்புள்ளி. ஒரு தடவை சினிமாப் படப்பிடிப்புக்கு வீட்டை நான்கு நாள் வாடகைக்கு விட்டோம். பங்கு பிரித்ததில் அவருக்கு வந்தது 800 ரூபாய். அதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டை விற்கலாமே என்று வெளியூர் நண்பர்கள் சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். 22 பேரும் ஒரே நாளில் ஒரே மேஜையில் கையெழுத்துப் போட்டால் விற்கலாம். அப்படி எல்லோரும் கூடுவது முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு மட்டும்தான். அன்றைக்கு விற்பனையைப் பற்றிப் பேசினால் சாப்பாடு இறங்காது.

பெரியாத்தாவின் வருமானம் வங்கியில் கிடக்கிற ஒன்பது லட்சத்தின் வட்டி: மாதம் 5,250 ரூபாய். வருடத்துக்கு 63,000. காரைக்குடியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். இந்த எண் எனக்கு மனப்பாடம். காப்பீட்டுத் திட்டத்தின் பழைய வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய். அதற்கே உள்ளே வருகிறவர். பிறகு அந்த வரம்பை 1,20,000 ஆக்கினார்கள். முகாம் நடந்த நாளில் அவர் பெயரை எழுதிக்கொள்ளாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை, என் வாயைத் தவிர.

பூட்டும் சாவியும்

போன தை மாதம் ஒரு காலையில் பெரியாத்தா வீட்டின் நடு முற்றமான வளவில் வழுக்கி விழுந்தார். அங்கே தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் காய்ந்திருந்தால் பட்டு, ஈரமானால் எமன். வாசல் தெளிக்க வரும் அம்மா எனக்குப் போன் செய்து, "நூற்றெட்டுக்குச் சொல்லிவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், கார் கொண்டு வருகிறேன் என்றேன். 2008இலிருந்து இந்த மாநிலத்தில் காசில்லாமல் ஓடுகிற வண்டி. வாசலில் அது வந்து நின்றால் தெரு பார்க்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு அந்த நொடியில் தோன்றவில்லை. இடுப்பு முறிந்தவரைக் காரின் பின் இருக்கையில் மடக்கி ஏற்றியபோது அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நூற்றெட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோயிருப்பார்கள்.

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனைக்கு. தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கிறது, மூட்டுப் பந்தை மாற்ற வேண்டும் என்றார்கள். காப்பீடு உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். ஒரு சீட்டில் 2,40,000 என்று எழுதி நீட்டினார்கள். நான் அந்தச் சீட்டின் பின்பக்கமே கணக்குப் போட்டேன். ஒன்பதில் இரண்டே முக்கால் போனால் என்று ஆரம்பித்து, பதற்றத்தில் தப்பாகப் போட்டு, அடித்துவிட்டுத் திரும்பவும் போட்டேன். மிச்சம் 6,60,000. வட்டி 3,850. அதாவது இந்த இடுப்புக்காகப் பெரியாத்தா உயிரோடு இருக்கும் வரை மாதம் 1,400 ரூபாய் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏற்கெனவே பாதி மாத்திரை. இனி கால் மாத்திரை ஆகும்.

வழி சொன்னவர் வாசல் தெளிக்கிற அம்மாதான். அவர் கணவருக்கு இரண்டு வருடம் டயாலிசிஸ் நடந்தது இந்தத் திட்டத்தில். எந்த அலுவலகத்தில் எந்தச் சன்னல், ரேஷன் அட்டைக்கு எத்தனை ஜெராக்ஸ், யாரைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பு பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆச்சியின் ரேஷன் அட்டை என்ன அட்டை என்று கேட்டார். எந்தப் பொருளும் வாங்காத அட்டை என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. "அதனால் ஒன்றுமில்லை, அட்டை வகையைப் பார்ப்பதில்லை. அட்டையில் பேர் இருக்க வேண்டும், வருமானச் சான்று வேண்டும், அவ்வளவுதான்" என்றார். பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டுக்கு வருகிறார். இப்படி ஒரு விஷயத்தை அவரிடம் கேட்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். எந்த வீடு என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். வங்கிப் புத்தகத்தைக் காட்டினேன். நிலம் இல்லை, பட்டா இல்லை என்றேன். "ஐயா, அந்த வீட்டு ஆளுக்கு ஏழைச் சான்று எழுதினேன் என்று யாராவது மனுப் போட்டால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டைப் பார்த்து ஆளை எடை போடுவது அவர் கண்டுபிடித்த வழக்கமா? மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தது 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து. அந்தக் கணக்கெடுப்பில், கெட்டிச் சுவரும் கெட்டிக் கூரையுமாக மூன்று அறையோ அதற்கு மேலோ இருந்தால் அந்தக் குடும்பம் வறிய குடும்பப் பட்டியலில் இருந்து தானாக விலகிவிடும். செட்டிநாட்டில் விழுகிற நிலையில் இருக்கும் வீட்டுக்குக்கூட மூன்று அறை ஒரு மூலையிலேயே வந்துவிடும். 2018 செப்டம்பரில் இருந்து இரண்டு திட்டமும் இங்கே இணைந்து நடக்கின்றன. நல்ல வேளை, தமிழ்நாட்டுத் திட்டத்தின் கதவு வருமானச் சான்று.

வந்து பாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டேன். கோபத்தில்தான் கூப்பிட்டேன். வந்தார். முகப்பு தாண்டி, பட்டாலை தாண்டி, வளவுக்குள் கூட்டிப்போனேன். வளவின் இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு. சில பூட்டுகள் அலிகார், சில நவ்தால், இரண்டு மூன்று எந்தக் காலத்து இரும்போ தெரியாது, சாவித் துவாரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. சென்னைப் பூட்டு, கோயம்புத்தூர்ப் பூட்டு, சிங்கப்பூர்ப் பூட்டு என்று நாங்கள் விளையாட்டாகச் சொல்வது உண்டு. அவர் பேசாமல் எண்ணிக்கொண்டே நடந்தார். இரண்டாம் கட்டுக்கு வந்து, பெரியாத்தாவின் அறையைக் காட்டினேன். ஒரு கட்டில், ஒரு தகர டிரங்குப் பெட்டி, ஸ்டவ், பனையோலைக் கொட்டானில் நாலு வெங்காயம். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இத்தனை பூட்டில் ஆச்சியிடம் சாவி எத்தனைக்கு இருக்கிறது?"

ஒன்று என்றேன்.

திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். எழுதும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது அதனால் இல்லை. நான் ஐம்பது வருடமாக அந்த வளவில் நடந்திருக்கிறேன். அவர் பத்து நிமிடத்தில் கேட்ட கேள்வியை நான் கேட்டதே இல்லை.

பெரியாஸ்பத்திரி

இங்கிருந்து சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மதுரை பழையது; சிவகங்கைக் கல்லூரி 2012இல் வந்தது, புதுக்கோட்டை 2017இல். மூன்றில் ஒன்றில் பெரியாத்தாவைச் சேர்த்தோம். எது என்று எழுதப் போவதில்லை, ஏனென்றால் தள்ளுவண்டி தள்ளியவருக்கு 200 ரூபாய் கொடுத்ததையும், முதல் இரண்டு ராத்திரி வராந்தாவில் கிடந்ததையும் எழுத வேண்டியிருக்கிறது. அறுவைக்கு ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளில் கையெழுத்துக்காக நான் ஏறி இறங்கிய படிகளைக் கூட்டினால் குன்றக்குடி மலைக்கு நாலு தடவை போய் வந்திருக்கலாம்.

அரசு மருத்துவமனையில் எப்படியும் இலவசம்தானே, அட்டை எதற்கு என்று நான் கேட்டதற்கு அங்கே காப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னார். அட்டை இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் அட்டை இருந்தால் செயற்கைப் பந்துக்கும் மற்றச் செலவுக்கும் காப்பீட்டில் இருந்து அனுமதி வாங்கலாம். அந்தப் பணம் மருத்துவமனைக் கணக்குக்கே வரும். தனியாருக்குப் போகிற பணம் அரசு மருத்துவமனைக்கும் வருகிறது என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். மருத்துவமனைக் கடிதம், வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் திட்ட மையத்துக்கு ஓடினேன். ஒரு அரை நாளில் பதிவு முடிந்தது. உண்மையைச் சொன்னால், அதிக நேரம் பிடித்தது ஜெராக்ஸ் கடையில்தான்.

சிங்கப்பூரில் இருந்து தம்பி முறை பங்காளி ஒருவன் போன் செய்தான். பெரியாத்தாவை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டான். பெரியாஸ்பத்திரியில் என்றேன். "நல்லது அண்ணே, செலவைப் பார்க்காதே, பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்ததுதான் சரி" என்றான். நம் பக்கம் பெரியாஸ்பத்திரி என்றால் என்னவென்று அவனுக்கு மறந்துவிட்டது. நானும் திருத்தவில்லை. அவனை ஏமாற்றினேனா, அவனே ஏமாந்தானா என்று வராந்தாவில் கொசு அடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன். பெரியாத்தா கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். போனை வைத்ததும், "பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையையும் சொல்லவில்லை. கடையில் இப்படித்தான் கணக்கு எழுதுகிறாயா?" என்றார்.

அவருக்கு இருந்த கோபம் வேறு. கொடுத்த குடும்பம் வாங்குகிற குடும்பமாகிவிட்டதே என்பது. காசியிலும் ராமேஸ்வரத்திலும் நம்மவர்கள் சத்திரம் கட்டிப் போட்டிருக்கிறார்கள், நான் சர்க்கார் கட்டிலில் கிடக்கிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் சமாதானத்துக்குச் சொன்னேன்: இது தர்மம் இல்லை பெரியாத்தா, காப்பீடு. உங்களுக்காக அரசு பிரீமியம் கட்டுகிறது. நீங்கள் வாங்குகிற சோப்புக்கும் எண்ணெய்க்கும் வரி கட்டியிருக்கிறீர்கள், அதில் இருந்துதான் கட்டுகிறது. "அது கடைக்காரனுக்குக் கொடுத்தது" என்றார். அந்த வாதம் அத்தோடு செத்தது.

அப்புறம் அவரே கேட்டார், ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்று. வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை என்றேன். "எத்தனை பேர் குடும்பத்துக்கு?" எத்தனை பேராக இருந்தாலும் அந்தத் தொகைதான், ஆறு பேர் இருந்தாலும் ஒருவர் இருந்தாலும். "ஒரு ஆளும் குடும்பமா?" ரேஷன் அட்டையில் தனியாகப் பேர் இருந்தால் குடும்பம்தான் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. காற்றாடி மேலே கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"கோவிலில் நான் அரைப்புள்ளி" என்றார். "இவர்கள் முழுசாகப் போட்டிருக்கிறார்களே."

முப்பத்தோரு வருடமாக அரைப்புள்ளியாகக் கட்டி வருகிறவர். அவர் கணவரான பெரியப்பச்சி இறந்த மறுவருடம் கோவிலில் இருந்து வந்த வரிச் சீட்டில் பாதித் தொகை போட்டிருந்ததைப் பார்த்து அவர் என்ன நினைத்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. சலுகை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

நோட்டில் ஒரு பக்கம்

வீட்டுக்கு வந்த பிறகு கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். தினமும் எழுதுகிறவர், அவர் எழுத்து நான் எழுதுவதைவிடத் திருத்தமானது. நான் செய்த செலவை எல்லாம் சொல்லச் சொல்லி எழுதினார். தனியார் மருத்துவமனையில் ஒரு நாள் 9,800. ஆட்டோ, இளநீர், தள்ளுவண்டி 200. "ஆபரேஷன்?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். சைபர் போடச் சொல்லாதே, யாரோ கொடுத்திருக்கிறார்கள், எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு வா என்றார். காப்பீட்டுப் பிரிவுக்குப் போன் செய்து கேட்டேன். அங்கே இருந்தவருக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை போலிருக்கிறது, இரண்டு தடவை எதற்கு என்று கேட்டார். தனியார் சீட்டில் எழுதியிருந்ததில் பாதிகூட இல்லை. பெரியாத்தா நோட்டின் இடது பக்கத்தில் "சர்க்கார் வரவு" என்று எழுதி அந்தத் தொகையைப் போட்டார். கணக்குத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஒருவர் பேரில் வரவு வைத்தால் அது நாம் அவருக்குத் திருப்ப வேண்டியது. எப்படித் திருப்புவது என்று கேட்டேன். "அதை உன்னிடம் கேட்டேனா?" என்றார்.

மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கினார்களே, அந்தத் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்பது எனக்குப் பேப்பரில் படித்த செய்தி. இப்போது மாதா மாதம் ஒரு பெண் வருகிறார். அழுத்தம் பார்க்கிறார், மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இரண்டாவது மாதம் வந்தபோது பழைய மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்த்தார். பாதிக்கு மேல் மிச்சம். இலவசமாக வந்த மாத்திரையையும் பெரியாத்தா பாதியாக வெட்டித்தான் போட்டிருக்கிறார், பழக்கதோஷம். அந்தப் பெண் திட்டிய திட்டில் கத்தி இப்போது அடுப்படிக்குப் போய்விட்டது. இயன்முறை மருத்துவரும் அதே திட்டத்தில் வந்தார். வளவுத் தூண்களை அடையாளம் வைத்துக்கொண்டு நடக்கச் சொல்லிக் கொடுத்தார்: இன்றைக்கு இந்தத் தூணில் இருந்து அடுத்த தூண் வரை, நாளைக்கு இரண்டு தூண். பர்மாவில் இருந்து கப்பலில் வந்த தேக்கு, நூறு வருடத்தில் முதல் தடவையாக ஒருவருக்கு உபயோகப்பட்டது என்று நான் சொன்னதற்கு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

எழுபது வயது நிரம்பியவர்களுக்கு வருமானமே பார்க்காமல் ஐந்து லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் திட்டத்தை விரித்தது. பெரியாத்தா விழுந்தபோது அவருக்கு 68. வருமானம் பார்க்காத திட்டம் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. பார்க்கிற திட்டத்தில் ஏழை என்று ஒருவர் எழுதித் தர வேண்டும், அதற்கு முன்பு ஏழை என்று நாம் ஒருவரிடம் சொல்ல வேண்டும். செட்டிநாட்டில் இரண்டாவதுதான் கஷ்டம். ஆனால் வருமானம் பார்க்காவிட்டால் யாரும் எங்கள் வளவுக்குள் வந்து பூட்டை எண்ணியிருக்க மாட்டார்கள். இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

செய்தி எப்படிப் பரவியது என்று தெரியாது. பெரியாத்தா நடக்க ஆரம்பித்த மாதத்தில் இருந்து ஆச்சிமார் வரத் தொடங்கினார்கள். இதுவரை ஐந்து பேர். எல்லோரும் மத்தியான வேளையில், தெருவில் ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு, பின்கட்டு வாசல் வழியாக. முகப்பு வழியாக ஒருவரும் வரவில்லை. ரேஷன் அட்டையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். பெரியாத்தாவிடம் பத்து நிமிடம் ஊர்க்கதை பேசிவிட்டு, பிறகு, எழுந்து போகும்போது ஞாபகம் வந்தது போல என் பக்கம் திரும்புகிறார்கள். நான் வருமானம் எவ்வளவு என்று கேட்கிறேன், எழுதிக்கொள்கிறேன்.

போன வாரம் வந்தவர் அடுத்த தெரு. மகன் துபாயில் இருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். போன படைப்புக்கு அவன் பேரில் மொய் வந்தது. எனக்குச் சங்கடமாகப் போயிற்று. "ஆச்சி, மகன் பணம் அனுப்புகிறானே, அதையும் சேர்த்துத்தான் வருமானம் சொல்ல வேண்டும்" என்றேன். அவர் ரேஷன் அட்டையைத் திரும்பவும் முந்தானையில் சுற்றினார். அவன் அனுப்பி நான்கு வருடம் ஆயிற்று என்றார். மொய்ப் பணம் அவர் காதுத் தோட்டை அடகு வைத்து எடுத்தது. சொல்லிவிட்டு, யாராவது வருகிறார்களா என்று முகப்புப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.